சடங்கும் சத்தியமும்: இலண்டன் தொழிற்கணத் தலைவரின் ஓராண்டு

1

இலண்டன் மாநகரின் மையத்தே, 'சிற்றி' என வழங்கும் பழநகர்ப் பகுதியில், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் ஒரு சிறிய ஊர்வலம் நடைபெறுகின்றது. வெண்ணிற மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஒருவர் துடைப்பத்தால் வீதியைப் பெருக்கியவாறு முன்னே செல்வார். அவர் பின்னால், நீண்ட அங்கி தரித்த சிலர் கையில் மலர்ச்செண்டு ஏந்தி நடப்பர். திராட்சைமது வணிகர் கணத்தின் புதிய தலைவர் பதவியேற்றபின் தமது அவையினருடன் சென் ஜேம்ஸ் கார்லிக்ஹைத் தேவாலயத்துக்குச் செல்லும் ஊர்வலம் இது. தலைவரின் அங்கி சேற்றிற் படியாதிருக்கும் பொருட்டு வீதி பெருக்கப்படுகின்றது. மத்தியகால நகரின் துர்நாற்றத்தையும், அதன்வழிப் பரவும் என அக்காலத்தவர் நம்பிய கொள்ளை நோயையும் தடுக்கும் பொருட்டு மலர்ச்செண்டு ஏந்தப்படுகின்றது. இன்று அவ்வீதியிற் சேறுமில்லை, துர்நாற்றமுமில்லை. ஆயினும் துடைப்பமும் மலரும் ஆண்டு தவறாது வருகின்றன.

இத்தகைய காட்சிகளை நோக்குவோர் இருவகைப்படுவர். ஒருசாரார் இவற்றைப் பழமையின் அழகாகக் கண்டு மகிழ்வர். மறுசாரார் இவற்றை நிலமானிய சமுதாயத்தின் எச்சசொச்சம் எனக் கூறி அப்பாற் செல்வர். முற்போக்குச் சிந்தனையுடையோர் பெரும்பாலும் இரண்டாவது நிலைப்பாட்டையே மேற்கொள்வர். அந்நிலைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை. எனினும் எச்சம் என்று பெயரிட்டுவிடுவதால் ஒரு பொருள் விளக்கம் பெற்றுவிடுவதில்லை. எத்தனையோ சடங்குகள் மறைந்தொழிந்த ஒரு நாட்டில் இவை மட்டும் ஏன் எஞ்சின? யாருக்காக எஞ்சின? இவ்வினாக்களை எழுப்பி, இலண்டன் தொழிற்கணமொன்றின் தலைவர் தமது பதவியாண்டில் ஆற்றவேண்டிய சடங்குக் கடமைகளை நோக்குதல் பயனுடையதாகும்.

2

'கில்ட்' என்னும் சொல்லுக்கு நமது வரலாற்றாசிரியர்கள் வணிக கணம் என்னும் தொடரை வழங்கியுள்ளனர். ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய அமைப்புகளைப் பற்றிய ஆய்வுகளில் இத்தொடர் நிலைபெற்றுவிட்டது. இலண்டன் அமைப்புகளில் வணிகரோடு கைவினைஞரும் அடங்குவராதலின், இக்கட்டுரையில் தொழிற்கணம் என்னும் சொல் கையாளப்படுகின்றது.

இலண்டன் தொழிற்கணங்களுள் மிகப் பழைய அரச பட்டயம் பெற்றது நெசவாளர் கணமாகும். இரண்டாம் ஹென்றி 1155இல் அப்பட்டயத்தை வழங்கினான். 1130ஆம் ஆண்டுக்குரிய அரச கணக்கேட்டிலேயே இலண்டன் நெசவாளர் குறிப்பிடப்பெறுகின்றனர். அடுத்துவந்த நூற்றாண்டுகளில் பொற்கொல்லர், மீன் வணிகர், தையற்காரர், உரோமத்தோல் வணிகர், உப்பு வணிகர், இரும்பு வணிகர், வில் செய்வோர், அம்பு செய்வோர் எனத் தொழில்தோறும் கணங்கள் தோன்றின. ஒவ்வொரு கணமும் தனக்கெனக் குறித்த நிறத்தில் அமைத்த சீருடை 'லிவரி' எனப்பட்டது. காலப்போக்கில் அச்சொல்லே இவ்வமைப்புகளின் பொதுப் பெயராயிற்று. இன்று இவை 110க்கும் மேற்பட்டனவாக உள்ளன.

இக்கணங்கள் தமது உச்சநிலையில் வெறும் சங்கங்களாக இருக்கவில்லை. நகரில் இன்ன தொழிலை யார் செய்யலாம், எத்தனை பேரைத் தொழில் பயிலச் சேர்க்கலாம், சரக்கின் தரம் என்ன என்பவற்றையெல்லாம் அவையே வரையறுத்தன. 1563ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியை நாடு முழுவதற்கும் உரிய விதியாக்கியது. பயிலுநர், கூலிக் கைவினைஞர், தொழில்முதல்வர் என மூன்று படிகள் இருந்தன. பயிலுநர் காலப்போக்கில் தொழில்முதல்வராதல் கூடும் என்பதே இவ்வமைப்பின் உட்கிடையான வாக்குறுதியாகும். அவ்வாக்குறுதி அனைவருக்கும் நிறைவேறவில்லை என்பதும், பெரும்பாலான கூலிக் கைவினைஞர் வாழ்நாள் முழுவதும் கூலிக் கைவினைஞராகவே இருந்தனர் என்பதும் இவ்விடத்து மனங்கொளத்தக்கன. மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட அறிக்கையின் தொடக்கத்தில், வரலாற்றின் முரண்பட்ட வர்க்கங்களை நிரற்படுத்துகையில் கணத் தொழில்முதல்வரையும் கூலிக் கைவினைஞரையும் ஒரு சோடியாகக் குறிப்பிட்டமை தற்செயலானதன்று.

3

கணத்தின் தலைவர் பெரும்பாலும் 'மாஸ்ரர்' எனப்படுவார். பொற்கொல்லர், மீன் வணிகர், சாயக்காரர் முதலிய சில கணங்களில் அவர் தலைமை வார்டன் என்றும், நெசவாளர் கணத்தில் மேல் பெய்லிவ் என்றும் அழைக்கப்பெறுவார். அவருக்குக் கீழ் வார்டன்மார் இருப்பர். ஆலோசகர் அவை ஒன்றும் உண்டு. அலுவல்களை நடத்தும் செயலரும், கோலேந்தி முன்செல்லும் 'பீடில்' என்னும் ஏவலரும் தொடர்ந்து பணியாற்றுபவர்கள். தலைவரோ ஓராண்டில் விலகுபவர். அவையில் இடம்பெற்று, வார்டன் பதவிகளைப் படிப்படியாக வகித்து, அதன் பின்னரே ஒருவர் தலைமைக்கு வருதல் பொதுவான வழக்கமாகும். இப்பதவிக்கு ஊதியம் இல்லை. ஆகவே ஓராண்டுக் காலத்தைச் செலவிடக்கூடிய ஓய்வும் வசதியும் உடையவரே இதனை ஏற்க இயலும் என்பதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

பதவியேற்பின்போது அவர் சத்தியப் பிரமாணம் செய்வார். பழைய தலைவரின் கழுத்திலிருந்த பதவிச் சின்னம் அவர் கழுத்துக்கு மாறும். அந்நாள் முதல் அவர் சொந்தப் பெயரைவிடப் பதவிப் பெயராலேயே பெரிதும் விளிக்கப்படுவார். அவர் எங்கே அமர்வார், யாருக்குப் பின் நடப்பார், எப்போது எழுவார் என்பன யாவும் முன்னரே வகுக்கப்பட்டவை. அவர் தலைவராக இருக்கின்றார். ஆயினும் அவ்வாண்டு முழுவதும் நாட்காட்டியே அவரை ஆளுகின்றது.

கணத்துக்குக் கணம் பதவியாண்டு தொடங்கும் நாள் வேறுபடும். திராட்சைமது வணிகரைப் போல ஜூலையில் தொடங்குவதாகக் கொண்டு நோக்குவோமாயின், ஆண்டின் போக்கு ஏறத்தாழப் பின்வருமாறு அமையும். எல்லாச் சடங்குகளும் எல்லாக் கணங்களுக்கும் உரியனவல்ல. சில பொதுவானவை, சில குறித்த கணங்களின் தனியுரிமை.

ஜூலை மாதத்தில் தேம்ஸ் நதியில் அன்னக் கணக்கெடுப்பு நடைபெறும். நதியிலுள்ள அன்னங்களுக்கு உரிமை கொண்டாடும் பேறு மன்னரோடு திராட்சைமது வணிகருக்கும் சாயக்காரருக்கும் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் இருந்துவருகின்றது. முற்காலத்தில் அன்னத்தின் அலகிற் கீறல் இட்டு உரிமை குறித்தனர். இன்று காலில் வளையம் இடுகின்றனர். அன்று அரச விருந்துக்குரிய இறைச்சியாயிருந்த பறவை இன்று நலம் பேணப்படும் பறவையாகிவிட்டது. அதே மாதத்தில் வண்டியோட்டிகள் கணத்தினர் கில்ட்ஹோல் முற்றத்தில் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் மரத்தகட்டிற் சூடிடுவர். நகர வீதிகளில் வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு அனுமதி வழங்கிய காலத்தின் தொடர்ச்சி அது.

செப்ரெம்பர் 29ஆம் நாள், புனித மிக்கேல் திருநாளன்று, லிவரி உறுப்பினர் அனைவரும் கில்ட்ஹோலிற் கூடுவர். ஏலவே ஷெரிப் பதவி வகித்த நகர மூப்பரிலிருந்து அடுத்த லோட் மேயரைத் தெரிவு செய்வதில் அவர்களுக்குப் பங்குண்டு. ஒவ்வொரு கணத்தின் ஏவலரும் வாயிலில் நின்று தத்தம் கணத்தவரை இனங்கண்டு உள்ளே விடுவர். நவம்பரில் 'மௌனச் சடங்கு' நடைபெறும். புதிய மேயரின் உறுதிமொழி தவிர வேறு சொல் எழாது. வாள், செங்கோல், முத்திரை, பணப்பை ஆகியன ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அமைதியாகக் கைமாறும். மறுநாள், அம்மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மேயரின் பெருங் காட்சியூர்வலம். 1215இல் ஜோன் மன்னன் வழங்கிய பட்டயத்தின்படி புதிய மேயர் முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யச் சென்ற பயணமே இவ்வூர்வலத்தின் தோற்றுவாயாகும்.

குளிர்காலத்தில் பொற்கொல்லர் மண்டபத்தில் நாணயச் சோதனை தொடங்கும். ஈஸ்ரருக்கு முந்திய தவக்காலத்தில் எல்லாக் கணங்களின் தலைவர்களும் புனித பவுல் பேராலயத்தில் ஒன்றுகூடி வழிபடுவர். ஜூன் மாதத்தில், படகோட்டிகள் கணத்தின் தலைமையில், சீதிங் லேன் பூங்காவில் பறித்த ஒரு ரோசா மலர் பஞ்சணையில் வைத்து மேயரின் இல்லத்துக்கு எடுத்துச் செல்லப்படும். 1381இல் சேர் றொபேட் நோல்ஸ் என்பவரின் மனைவி அனுமதியின்றித் தெருவின் குறுக்கே நடைபாலம் கட்டியமைக்கு விதிக்கப்பட்ட தண்டம் அது. ஜூன் 24ஆம் நாள் ஷெரிப்மாரைத் தெரிவு செய்வதற்காக மீண்டும் கில்ட்ஹோலிற் கூட்டம். அதன்பின் சில நாட்களிலே நமது தலைவர் தமது சின்னத்தைக் கழற்றி அடுத்தவருக்கு அணிவிப்பார்.

இவற்றுக்கிடையே விருந்துகள் பல. ஒரு கணத்தின் தலைவர் மற்றொரு கணத்தின் விருந்துக்கு அழைக்கப்படுதல் கட்டாயமான மரபாகும். விருந்தின் இறுதியில் அன்புக் கிண்ணம் சுற்றிவரும். ஒருவர் அருந்துகையில் அயலில் நிற்பவர் அவருக்கு முதுகைக் காட்டிக் காவல் நிற்பார். 978இல் எட்வேட் மன்னன் பானம் அருந்தும் வேளையிற் குத்திக் கொல்லப்பட்டதன் நினைவே இவ்வழக்கம் என்று கர்ணபரம்பரைக் கதை கூறும்.

4

இச்சடங்குகளைத் தொன்மையின் தடையற்ற தொடர்ச்சியாகக் கொள்ளல் தவறு. தலைவர்கள் பேராலயத்திற் கூடும் பொதுவழிபாடு 1943ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள்தான் முதன்முதலாக நடைபெற்றது. குண்டுவீச்சினால் நகரின் மண்டபங்கள் பல அழிந்து கிடந்த காலத்தில் மக்களின் மனவுறுதியைக் காக்கும் பொருட்டு அது ஏற்படுத்தப்பட்டது. ரோசா மலர்ச் சடங்கும் இருபதாம் நூற்றாண்டிலேயே மீட்டுயிர்ப்பிக்கப்பட்டதாகும். எரிக் ஹொப்ஸ்போமும் ரெறன்ஸ் றேஞ்சரும் 1983இல் தொகுத்து வெளியிட்ட 'மரபின் கண்டுபிடிப்பு' என்னும் நூல் இத்தகைய நிகழ்வுகளை நோக்குவதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. தொன்மையானவை எனத் தோன்றும் பல வழக்கங்கள் அண்மைக்காலத்துத் தேவைகளுக்காக ஆக்கப்பெற்றவை என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து.

ஆயினும் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பு என ஒதுக்கிவிடவும் இயலாது. முன்னுரிமை வரிசையை எடுத்துக்கொள்வோம். உரோமத்தோல் வணிகரும் தையற்காரரும் ஊர்வலத்தில் எவர் முன்செல்வது என்பது குறித்துப் பெரும் பூசலிட்டனர். 1484இல் மேயர் றொபேட் பில்ஸ்டன் வழங்கிய தீர்ப்பின்படி அவ்விரு கணங்களும் ஆண்டுக்கொரு முறை ஆறாம் இடத்தையும் ஏழாம் இடத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவரையொருவர் விருந்துக்கு அழைக்கவும் வேண்டும். இன்றுவரை ஈஸ்ரர் தோறும் அவ்வாறே இடம் மாறுகின்றது. 1515இல் பன்னிரு பெருங்கணங்களின் வரிசை நிர்ணயிக்கப்பட்டபோதும் இவ்வேற்பாடு நிலைத்தது. ஊர்வலத்தில் ஓர் இடம் என்பது அன்று நகரின் அதிகாரத்தில் ஓர் இடமாகும். சடங்கு அதிகாரத்தின் கண்ணுக்குப் புலனாகும் வடிவமாக இருந்தமையாலேயே அதன் பொருட்டு மக்கள் பூசலிட்டனர்.

5

இவ்விடத்து ஒரு பாகுபாடு இன்றியமையாததாகின்றது. தலைவரின் ஆண்டில் வரும் சடங்குகளுட் சிலவற்றின் அகத்தே இன்னும் உழைப்பு உண்டு; பலவற்றில் இல்லை.

நாணயச் சோதனை முதல் வகைக்குத் தக்க சான்றாகும். 1282 முதலாக அறியப்படும் இச்சோதனையில், அரச நாணயசாலை அவ்வாண்டில் வார்த்த நாணயங்களின் மாதிரிகள் பேழைகளில் வைத்துக் கொண்டுவரப்படும். பொற்கொல்லர் கணத்தவரான நடுவர் குழுவினர் சத்தியம் செய்து, அவற்றை எண்ணி, நிறுத்து, உலோகத்தின் தூய்மையைப் பரிசோதிப்பர். அங்கியும் பழஞ்சொல்லும் நிறைந்த நிகழ்ச்சிதான். ஆயினும் தராசு உண்மையான தராசு; நாணயம் எடை குறைந்திருப்பின் அது தீர்ப்பில் வெளிப்படும். அரசின் நாணயத்தை அரசுக்கு வெளியேயுள்ள கைவினைஞர் சோதித்துச் சான்று கூறும் உரிமை இங்கே சடங்கின் வடிவிற் பேணப்பட்டுள்ளது. 1300ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளிப் பொருட்களிற் சிறுத்தைத்தலை முத்திரை இடுமாறு பணித்தது. 1478 முதல் பொருட்கள் பொற்கொல்லர் மண்டபத்துக்கே கொணரப்பட்டு முத்திரையிடப்பட்டன. மண்டப முத்திரை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் இன்று தரம் என்பதற்கே மறுபெயராகிவிட்டது. மீன் வணிகர் கணத்தின் பரிசோதகர் பிலிங்ஸ்கேற் சந்தையில் மீனின் தரத்தை நோக்கிவருவதும் இவ்வகையினதே. 1715 முதல் நடைபெறும் டொகெற் படகுப் போட்டியும் அத்தகையது. புதிதாகப் பயிற்சி முடித்த தேம்ஸ் படகோட்டிகள் இலண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை துடுப்பு வலிப்பர். வென்றவர் செந்நிற மேலங்கியும் வெள்ளிச் சின்னமும் பெறுவார். அம்மேலங்கியின் பின்னால் ஒரு தொழிலின் வியர்வை இருக்கின்றது.

வில் செய்வோர் கணத்தையும் அம்பு செய்வோர் கணத்தையும் இவற்றோடு ஒப்பிடலாம். 1371 முதல் தனித்தனியாக இயங்கும் இவ்விரண்டின் தொழிலும் துப்பாக்கி பரவியதோடு நலிந்தது. கணங்களோ மறையவில்லை. தலைவர் ஆண்டுதோறும் தெரிவாகின்றார், விருந்து நடைபெறுகின்றது. மறுபுறத்தில், தகவல் தொழில்நுட்பத்தார் 1992இல் நூறாவது லிவரிக் கணமாயினர். அவர்கள் தமது தொழிலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எதனையும் அதனாற் பெறவில்லை. அங்கியையும் வரிசையில் ஓர் இடத்தையும் பெற்றனர். உற்பத்தியின் மீதான கட்டுப்பாட்டிலிருந்து பிறந்த வடிவம், அக்கட்டுப்பாடு இல்லாமலே விரும்பப்படும் பொருளாகிவிட்டது.

உற்பத்தியின் மீதான அதிகாரம் அகன்ற பின்னரும் இவை நிலைத்தமைக்குக் காரணம் சொத்தாகும். பிரான்சில் 1791இல் கணங்கள் ஒழிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அவ்வாறு நிகழவில்லை. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் 44 மண்டபங்கள் எரிந்தன. ஆயினும் அவற்றின் கீழிருந்த நிலம் எரியவில்லை. நகர நிலத்தின் மதிப்பு உயர உயரக் கணங்களின் வருவாயும் உயர்ந்தது. 1880இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு இச்செல்வத்தை ஆராய்ந்து 1884இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் விளைவாகக் கணங்கள் கலைக்கப்படவில்லை. அதற்கு முன்னரே, 1878இல், பதினாறு கணங்களும் நகராட்சியும் இணைந்து தொழில்நுட்பக் கல்விக்கென ஒரு நிறுவனத்தைத் தாபித்திருந்தன. பாடசாலைகள், முதியோர் இல்லங்கள், புலமைப்பரிசில்கள் என அறப்பணிகள் விரிந்தன. இவ்வறப்பணிகளாற் பலர் பயன்பெற்றனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. அதே வேளையில், அறம் சொத்துக்கு ஒரு நியாயமாகவும் அமைந்தது என்பதை மறைத்தலும் நேர்மையாகாது.

அச்சொத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 1613ஆம் ஆண்டுப் பட்டயத்தைத் தொடர்ந்து வட அயர்லாந்தின் லண்டன்டெரி நிலப்பரப்பு பன்னிரு பெருங்கணங்களுக்குப் பங்கிடப்பட்டது. துணி வணிகர் கணத்தின் பெயரால் டிரேப்பர்ஸ்ரவுன் என்னும் ஊர் அங்கே இன்றும் உள்ளது. 1599 செப்ரெம்பரில் கிழக்கிந்திய வாணிபத்துக்குப் பணம் திரட்ட வணிகர் கூடியது வார்ப்புத் தொழிலாளர் மண்டபத்திலாகும். அடுத்த ஆண்டு தோன்றிய கும்பனியின் வரலாற்றை நம் பகுதி வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

6

இனி, இக்கட்டுரையின் மையமான பொருளுக்கு வருவோம். தலைவரின் ஆண்டு ஒரு சத்தியத்துடன் தொடங்குகின்றது. பயிலுநர் உறுப்பினராகும்போதும் சத்தியம் உண்டு. கணத்தின் இரகசியங்களைக் காத்தல், சக உறுப்பினருக்குத் துணை நிற்றல் என்பன அச்சத்தியங்களின் பழைய உள்ளடக்கமாகும். ஆனால் இச்சத்தியத்தினுள் யார் அடங்கினர்? உறுப்புரிமைக்கு மூன்று வழிகள் இருந்தன, இன்றும் உள்ளன. பயிற்சியின் வழி வருவது ஒன்று, பணம் செலுத்தி வருவது ஒன்று, உறுப்பினரின் பிள்ளையாகப் பிறந்தமையால் வருவது மற்றொன்று. முதல் வழி சுருங்கச் சுருங்க ஏனைய இரண்டுமே பெருவழிகளாயின. கூலிக் கைவினைஞர் மண்டபத்துக்கு வெளியே நின்றனர்.

வெளியே நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாள வர்க்க வரலாற்று நூலில் விரிவாகக் காட்டியவாறு, அவர்கள் தமக்கெனச் சங்கங்களை அமைத்தனர். 1799, 1800ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அத்தகைய கூட்டுச் சேர்க்கையைத் தடைசெய்தன. 1814இல் ஏழாண்டுப் பயிற்சி விதி நீக்கப்பட்டபோது அதனைக் காக்கப் போராடியவர்கள் கூலிக் கைவினைஞரே. தொழில்முதல்வருக்குப் பழைய விதி தடையாகத் தோன்றிய வேளையில், உழைப்போருக்கு அது தமது கூலியின் காப்பாகத் தோன்றியது. மரபு எப்போதும் ஆள்வோர் பக்கமே நிற்கும் என்னும் எளிய சூத்திரத்துக்கு இது அடங்குவதில்லை.

கூட்டுச் சேர்க்கைத் தடைச்சட்டங்கள் 1824இல் நீக்கப்பட்டன. அதன் பின்னரே ரொல்பட்டில் நிகழ்ச்சி நேர்ந்தது. டோர்செற் மாவட்டத்தின் அச்சிற்றூரில், கூலி குறைக்கப்பட்டதனால் நலிவுற்ற விவசாயத் தொழிலாளர் 1833இல் ஒரு நட்புச் சங்கத்தை அமைத்தனர். புதிதாகச் சேர்வோரின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டின் ஓவியத்தின் முன் நிறுத்தி, சத்தியம் வாங்கினர். சங்கம் அமைத்தல் அப்போது குற்றமன்று. ஆகவே அச்சத்தியமே குற்றமாக்கப்பட்டது. 1797ஆம் ஆண்டின் சட்டவிரோதச் சத்தியச் சட்டத்தின் கீழ் 1834இல் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அவர்கள் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். பெரும் மக்கள் எதிர்ப்பின் பின்னர் 1836இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

ரொல்பட்டிலில் அறுவர் தண்டிக்கப்பட்ட அதே ஆண்டில், இலண்டன் மண்டபங்களில் கணத்தலைவர்கள் வழமைபோலச் சத்தியம் செய்து பதவியேற்றனர். இரண்டும் சத்தியங்களே. இரண்டும் ஒருவரையொருவர் கைவிடாதிருத்தல் பற்றியவையே. ஒன்று பெருமைக்குரிய மரபாயிற்று, மற்றொன்று கடல் கடந்த தண்டனையாயிற்று. வேறுபாடு சடங்கின் சொற்களில் இல்லை. அதனைச் செய்தவரின் சமூக நிலையில் இருந்தது. பின்னாளில் பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் பதாகைகளையும் சின்னங்களையும் ஏந்தி வீதிக்கு வந்தன. டேர்ஹம் சுரங்கத் தொழிலாளரின் பெருவிழா 1871 முதல் நடைபெற்றுவருகின்றது. மண்டபத்துக்குள் இடம் பெறாத ஊர்வலம் வீதியில் இடம் பெற்றது எனலாம்.

இவ்வுண்மை நமது வரலாற்றுக்கும் அந்நியமானதன்று. கொங்கு நாட்டில் கருவூர் முதலிய இடங்களிற் கிடைத்த சாசனங்கள் அப்பகுதிக் கம்மாளருக்கு மன்னன் வழங்கிய சில உரிமைகளைப் பேசுகின்றன. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பன அவை. பொன்னையும் இரும்பையும் மரத்தையும் கல்லையும் உருவாக்கிய கைகளுக்குச் சங்கொலி எழுப்ப அரசாணை வேண்டியிருந்தது. அவ்வுரிமையை அவர்கள் வேண்டிப் பெற்றனர். பெற்றதைக் கல்லிற் பொறித்தும் வைத்தனர். சடங்கு வெறும் ஆடம்பரமாயின் அதனை மறுக்கவோ அளிக்கவோ அரசுக்குத் தேவை நேர்ந்திராது. இலண்டன் கணங்களையும் கம்மாளரின் சாதியமைப்பையும் ஒன்றெனக் கொள்ளல் தவறாகும். எனினும், யார் எந்தச் சடங்கைச் செய்யலாம் என்பதே இரு சமுதாயங்களிலும் மரியாதையின் எல்லையைக் குறித்தது என்பது தெளிவு.

7

ஓராண்டு முடிகின்றது. தலைவர் சின்னத்தைக் கழற்றுகின்றார். முன்னாள் தலைவராக அவையில் தமது இடத்துக்குத் திரும்புகின்றார். இவ்வோராண்டு வரையறையில் ஒரு நல்லம்சம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதவி ஒருவரின் உடைமையாகிவிடாமல் அது தடுக்கின்றது. தலைவரைச் சத்தியத்தாற் கட்டி, வழக்காறுகளால் வளைத்து, குறித்த நாளில் இறக்கிவிடும் இவ்வேற்பாட்டிலிருந்து, வாழ்நாள் தலைவர்களைச் சுமக்கும் பல நவீன சங்கங்கள் கற்கக்கூடியது உண்டு. நமது சங்கங்களும் இதற்கு விலக்கல்ல.

ஆயினும் பதவி சுழன்றது ஒரு சிறு வட்டத்தினுள்ளே என்பதும் உண்மை. அவ்வட்டம் காலப்போக்கிற் சற்றே விரிந்துள்ளது. 1983இல் மேரி டொனால்ட்சன் லோட் மேயராகத் தெரிவானார். அப்பதவியை வகித்த முதற் பெண் அவரே. கணங்களின் தலைமையிலும் இன்று பெண்கள் அமர்கின்றனர். வட்டம் விரியும்போது சடங்கு அழியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எனவே, ஒரு சடங்கை மதிப்பிடுகையில் அதன் வயதை வினவுவது போதாது. அதனுள் உழைப்பு இருக்கின்றதா, அதன் சத்தியம் யாரைக் கட்டுகின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பனவே வினவத்தக்கன. நாணயத்தை நிறுக்கும் தராசும், படகோட்டியின் செந்நிற மேலங்கியும், ரொல்பட்டில் தொழிலாளரின் சத்தியமும், கம்மாளரின் இரட்டைச் சங்கும் இவ்வினாக்களுக்கு ஈடுகொடுத்து நிற்கக்கூடியவை. வீதி பெருக்கும் துடைப்பத்தைப் பொறுத்தவரை, அது அங்கியின் தூய்மையைக் காக்கும் பொருட்டு எழுந்தது. அத்துடைப்பத்தைப் பிடித்த கைகளுக்குரியோர் மண்டபத்தினுள் எந்த ஆசனத்தில் அமர்ந்தனர் என்னும் வினாவை, ஊர்வலத்தைக் காணச் செல்பவர் தம்முடன் எடுத்துச் செல்வாராக.